தாயும் மகளும் நடுவே ஒரு தோழியும்: ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவலைச் சேர்ந்து வாசிக்கும் முறை

எலெனா ஃபெரான்டேயின் நான்கு தொகுதி நாவலை ஒருவர் தனியாக வாசித்து முடித்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், நானும் முதல் முறை அப்படித்தான் வாசித்தேன். இரண்டாம் முறை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில், என் தாயும் என் பால்ய தோழியும் அவளுடைய மகளும் உட்கார, பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகள் தொலைபேசியில் கேட்க, ஞாயிறு மதியங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை வாசித்தோம். இரண்டும் ஒரே புத்தகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த நாவலின் முழு விசையும் தாய், மகள், தோழி என்ற மூவருக்கு நடுவில்தான் ஓடுகிறது என்பதும், அதை உணர அந்த மூவரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும் என்பதும் அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குப் புரிந்தவை. அப்படி உட்கார விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றித் தேவையான அளவு. ஃபெரான்டே என்பது புனைபெயர். எழுதியவர் இன்றுவரை தம் முகத்தை வெளியே காட்டவில்லை. இத்தாலிய மொழியில் 2011 முதல் 2014 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு தொகுதிகள் வந்தன. ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2012இல் தொடங்கி 2015இல் நிறைவுற்றது. அதில் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 1,700 பக்கங்கள். 'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்' என்பது முதல் தொகுதியின் பெயர். நியூயார்க் டைம்ஸ் 2024இல் வெளியிட்ட, இந்த நூற்றாண்டின் நூறு சிறந்த நூல்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே. நான்கும் தனித்தனி நாவல்கள் அல்ல, ஒரே நாவலின் நான்கு துண்டுகள் என்பதால், முதல் தொகுதியோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் தொடங்காமல் இருப்பதே மேல். முதல் தொகுதி ஒரு திருமண விருந்தின் நடுவில், ஒருவன் காலில் போட்டிருக்கும் செருப்பைப் பார்த்த கணத்தில் அறுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு இரண்டாம் தொகுதி கையில் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கதை நேப்பிள்ஸ் நகரத்தின் ஓர் ஏழைப் பேட்டையில் நடக்கிறது. நகரசபையில் கடைநிலை ஊழியராக இருப்பவரின் மகள் எலெனா, செருப்புத் தைப்பவரின் மகள் லீலா. இருவரும் 1944இல் பிறந்தவர்கள். இருவருமே படிப்பில் கெட்டிக்காரிகள். ஒருத்தியை மேலே படிக்க வைக்க ஆசிரியை அவள் பெற்றோரைச் சம்மதிக்க வைத்துவிடுகிறார். மற்றவளுக்கு அது வாய்க்கவில்லை. அங்கிருந்து அறுபது ஆண்டு நட்பு, போட்டி, பொறாமை, பிரிவு, மறுபடியும் சேர்தல் என்று போகிறது. லீலா என்ற பெயர் எங்கள் பக்கத்துப் பெயராகவே ஒலிப்பது, கேட்பவர்களுக்குப் பெரிய வசதி.

யாரை உட்கார வைப்பது

தாயும் மகளும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து இதை வாசிக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து. எலெனாவின் தாய் ஒரு காலைச் சாய்த்து நடப்பவள், ஒரு கண் விலகிய பார்வை கொண்டவள். அந்த நடை தன் உடம்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறது, ஒரு நாள் தானும் அப்படி நடக்கத் தொடங்கிவிடுவோம் என்ற அச்சம் சிறுமி எலெனாவை விடாமல் துரத்துகிறது. வேகமாக ஓடும் மெலிந்த கால்களை உடைய லீலாவின் பின்னாலேயே நடந்தால் தாயின் கால் தன்னைப் பிடிக்காது என்று அவள் முடிவு செய்கிறாள். தோழமை இந்த நாவலில் அன்பினால் மட்டும் பிறக்கவில்லை, தாயிடமிருந்து தப்பிக்கும் வழியாகவும் பிறக்கிறது. இந்தப் பக்கத்தைத் தன் தாயின் முகத்துக்கு நேராக உரக்க வாசிக்க எந்த மகளாலும் முடியாது. முடிந்தாலும் அதற்குப் பின் பேச்சு வளராது.

நடுவில் ஒருத்தி இருந்தால் வளரும். இது நமக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. அகப்பாடல்களில் மகள் தன் காதலைப் பெற்ற தாயிடம் நேரே சொல்வதில்லை. தோழியிடம் சொல்கிறாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்கிறாள், செவிலி பெற்றவளான நற்றாயிடம் சொல்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயரே உண்டு. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். அதாவது, தோழி என்பவளே இன்னொரு தாயின் மகள், இரண்டு தாய்களுக்கும் ஒரு மகளுக்கும் நடுவில் நிற்பவள். பள்ளியில் இந்த வரியை நான் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனால் அது எங்கள் திண்ணைக்கும் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: அகப்பாடலில் தோழிக்கென்று சொந்தமாக ஒரு கதை கிடையாது, அவள் எப்போதும் தலைவிக்காகவே பேசுகிறாள். ஃபெரான்டேயிடம் தோழிக்குத்தான் கதை; தலைவி அதை எழுதிவைப்பவள் மட்டுமே.

ஆகவே வாசிப்பின்போது நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். தாய் சொல்ல விரும்புவதையும் மகள் சொல்ல விரும்புவதையும் தோழியைப் பார்த்தே சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் இது நாடகம் போலத் தோன்றும், சிரிப்பு வரும். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த விதி இல்லாவிட்டால் பேச முடியாது என்று ஆகிவிடும்.

எண்ணிக்கை நான்கிலிருந்து ஆறு பேருக்குள் இருக்கட்டும். எங்கள் முதல் முயற்சி தோற்றதற்கு நானே காரணம். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு (கேரளத்தின் மகளிர் சுயஉதவிக் குழு அது) எப்படியும் பதினைந்து பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்களே, சேமிப்புப் பணம் வாங்கி முடித்தவுடன் வாசித்தால் என்ன என்று நினைத்தேன். கடன் தவணை கட்டாத ஒருவரைப் பற்றிய வாக்குவாதம் முடிவதற்குள், பொம்மைகளைத் தூக்கி எறியும் அத்தியாயத்தை நான் வாசித்துவிட்டிருந்தேன். ஒருவர் காதிலும் அது விழவில்லை. பணக்கணக்கும் கதையும் ஒரே பாயில் உட்காராது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பெயர்களைச் சமாளிப்பது

இந்த நாவலைக் கீழே வைத்துவிடுகிறவர்களில் பாதிப் பேர் பெயர்களைக் கண்டு மிரண்டுதான் வைக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் குடும்பம் குடும்பமாகப் பாத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. அதை ஒரு பழைய மாத நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எழுதும்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தொழிற்பெயரை எழுதுவது நல்லது. செருலோ என்பதற்குப் பதில் செருப்புக் கடை வீடு, கராச்சி என்பதற்குப் பதில் பலசரக்குக்கடை வீடு, பெலூசோ என்பதற்குப் பதில் ஆசாரி வீடு, ஸ்கான்னோ என்பதற்குப் பதில் காய்கறி வண்டிக்காரர் வீடு, சொலாரா என்பதற்குப் பதில் வட்டிக்கு விடும் மிட்டாய்க்கடை வீடு. நம் ஊரிலும் யாரையும் குடும்பப் பெயரால் அடையாளம் சொல்வதில்லையே. கேட்பவர்கள் அரைமணி நேரத்தில் பேட்டையின் தெருவைக் கண்முன் கொண்டுவந்துவிடுவார்கள்.

செல்லப் பெயர்களில் ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள். ரஃபாயேல்லா என்பது லீலாவின் முழுப்பெயர். ஊர் முழுவதும் அவளை லீனா என்று அழைக்கிறது. லீலா என்று அழைப்பது எலெனா ஒருத்திதான். அந்த ஓர் எழுத்து மாற்றத்தில்தான் 1,700 பக்கமும் தொங்குகிறது. தமிழில் சொல்லிக்கொண்டு போகும்போது அவசரத்தில் எல்லோரையும் 'லீலா' என்றே அழைக்க விட்டுவிட்டால் பெரிய நஷ்டம்.

எந்தத் தமிழில் சொல்வது

இங்கே சற்று நின்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முறையின் சாரமே இதில்தான் இருக்கிறது.

என் தாய் ஆங்கிலம் வாசிக்க மாட்டார். என் தோழி ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆகவே நான் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஃபெரான்டே ஒரு விந்தையான காரியம் செய்கிறார்: பேட்டை மக்கள் பேசுவது நேப்பிள்ஸின் வட்டார வழக்கு, பள்ளியும் அலுவலகமும் பேசுவது இத்தாலியன். ஆனால் அந்த வட்டார வழக்கை அவர் பெரும்பாலும் எழுதிக்காட்டுவதே இல்லை. 'அவள் வட்டார வழக்கில் சொன்னாள்', 'அவன் இத்தாலியனில் பதில் சொன்னான்' என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மொழிபெயர்ப்பில் தனியாக வாசிப்பவர் இந்த அறிவிப்புகளைத் தாண்டிப் போய்விடுவார், நானும் முதல் முறை தாண்டித்தான் போனேன். இரண்டாம் முறை, என் மகளின் யோசனைப்படி, வட்டார வழக்கு என்று வரும் இடங்களில் நீலப் பென்சிலாலும் இத்தாலியன் என்று வரும் இடங்களில் சிவப்புப் பென்சிலாலும் கோடு போட்டேன். ஒரே பேச்சுக்குள் ஒருவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடங்களை வட்டமிட்டேன். வட்டங்களைப் பின்தொடர்ந்து போனால், யார் யாரிடமிருந்து விலகுகிறார்கள், யார் கோபத்தில் பழைய இடத்துக்கே வந்து விழுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. எலெனா பெரிய படிப்புப் படித்து, புத்தகம் எழுதி, பேராசிரியர் குடும்பத்தில் மருமகளான பின்னும், கடும் கோபம் வந்தால் வாயில் வருவது தாயின் பேச்சுத்தான்.

இதைத் திண்ணையில் எப்படிக் கேட்கச் செய்வது? எல்லையில் வாழும் எனக்கு விடை மிக எளிதாகத் தோன்றியது. வட்டார வழக்கை எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழிலும், இத்தாலியனை மலையாளத்திலும் சொல்லத் தொடங்கினேன். எங்களுக்குத் தாலுகா அலுவலகமும் மின்கட்டண ரசீதும் மலையாளம்தான். மேலே போகிற மொழி அது, வீட்டில் தங்குகிற மொழி இது என்ற கணக்கு. மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான்காம் வாரம் என் தோழி வெற்றிலையை மடித்துக்கொண்டே நிறுத்தினாள்.

"மலையாளம் நமக்குச் சந்தையிலயும் ஆசுபத்திரியிலயும் பேசற பேச்சு. அதுல மக பேசுனா எந்த அம்மாளுக்கு மனசு சுருங்கும்? நீ டிரெய்னிங் முடிச்சு வந்து ரேடியோல பேசற மாதிரி தமிழ் பேசுனியே, அன்னிக்குத்தான் உங்கம்மா சுருங்குனாங்க."

கட்டிலில் படுத்திருந்த என் தாய் ஒன்றும் சொல்லவில்லை. தோழி சொன்னதுதான் சரி. நேப்பிள்ஸ் பேட்டையில் இருப்பது இரண்டு மாநிலங்களுக்கு நடுவிலான எல்லை அல்ல; ஒரே வீட்டின் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவிலான எல்லை. அன்றிலிருந்து வட்டார வழக்கை எங்கள் வீட்டுப் பேச்சிலும், இத்தாலியனை நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பள்ளித் தமிழிலும் சொன்னேன். மாற்றம் உடனே தெரிந்தது. எலெனாவின் தாய் 'ஏம்புள்ள, பெரிய படிப்புப் படிச்சா பெத்தவள வாய அடைக்கச் சொல்லுமா?' என்கிற தொனியில் பேச, மகள் 'நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்' என்கிற தொனியில் பதில் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூச்சுவிடவில்லை. (இவை என் வாயில் வந்த தமிழ், நாவலின் வரிகள் அல்ல.)

நீங்கள் ஆந்திர எல்லையில் குப்பம், நகரி போன்ற ஊர்களில் இருந்து தெலுங்கை நடுவில் வைத்து வாழ்பவரானாலும், பாறசாலைப் பக்கம் இருப்பவரானாலும், இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். பக்கத்து மாநில மொழியை இத்தாலியனுக்கு ஈடாக வைக்கும் ஆசை வரும். வைத்துப் பாருங்கள், ஆனால் கூட இருக்கும் மூத்த பெண்ணிடம் எந்தப் பேச்சு தன்னைச் சிறுமைப்படுத்தியது என்று கேட்ட பின் முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு வீடு விடை மாறலாம்.

எங்கே நிற்பது, எங்கே ஓடுவது

அத்தியாயங்கள் பெரும்பாலும் குட்டையானவை; ஓர் அமர்வுக்கு நான்கைந்து போதும். எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் வாசிக்க வேண்டியதில்லை. நாங்கள் நின்ற இடங்களைச் சொல்கிறேன்.

பொம்மைகளை நிலவறைக்குள் எறியும் அத்தியாயத்தில் நில்லுங்கள். இருவரும் பொம்மைகளை மாற்றிக்கொள்கிறார்கள். லீலா எலெனாவின் பொம்மையை நிலவறைத் துவாரத்தில் தள்ளிவிடுகிறாள். எலெனா அழாமல் லீலாவின் பொம்மையைத் தள்ளிவிடுகிறாள். அந்த இரண்டு பொம்மைகளின் பெயர்களையும் சுவர்த்தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்: டீனா, நூ. ஏன் என்று நான்காம் தொகுதியில் தெரியும். 'தொலைந்த குழந்தையின் கதை' என்ற பொருள் தரும் அந்தத் தொகுதியின் தலைப்பே பாதியைச் சொல்லிவிடுகிறது. மீதியை நான் சொல்லப் போவதில்லை.

நூலகப் பரிசு வரும் இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். பேட்டைப் பள்ளியின் சிறு நூலகத்தில் அதிகம் புத்தகம் எடுத்தவர்களுக்குப் பரிசு தருகிறார்கள். முதல் நான்கு பரிசுகளும் செருப்புக் கடை வீட்டாருக்கே போகின்றன: லீலா, அவள் தந்தை, தாய், அண்ணன். ஐந்தாவதுதான் எலெனா. உண்மையில் அந்த நான்கு பேரின் அட்டையிலும் புத்தகம் எடுத்து வாசித்தவள் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட லீலா ஒருத்திதான். பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலையைக் கொண்டுவந்து சேர்த்த இந்த மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கம் வேறு மாதிரி அடிக்கும். எங்கள் வாசகசாலையில் தமிழுக்கென இருந்த ஒற்றை அலமாரியிலிருந்து, தன் தம்பிகள் இருவரின் பேரிலும் தோழி புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அது ஒரு கதையின் மையமாக இருக்க முடியும் என்பது தெரியாது. பணிக்கர் மறைந்த ஜூன் 19ஆம் நாளைத்தான் இங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் இரண்டாம் சுற்றை அந்த வாரம்தான் தொடங்கினோம். மேற்கே மழை கொட்டும்போது எங்கள் பக்கம் கணவாய்க் காற்று மட்டும் வீசும் காலம் அது, வெளியில் வேலை குறைவு.

இரண்டாம் தொகுதியில், பீசா நகரத்தில் படிக்கும் எலெனா காய்ச்சலில் கிடக்கும்போது, ஊரைத் தாண்டியறியாத அவள் தாய் ரயிலேறி வந்து அறைக்கதவில் நிற்கும் இடம் வரும். அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிடுங்கள். யாரும் கேள்வி கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். திருச்சூரில் ஆசிரியப் பயிற்சி விடுதியில் நான் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது என் தாய் கீழாநெல்லியும் ஒரு தூக்குச் சட்டியில் மோரும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இருட்டிய பின் வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்டதற்கு வண்டி தாமதம் என்றார். விடுதி வராந்தாவில் அவர் உரத்த குரலில் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசியது எனக்கு வெட்கமாக இருந்தது என்பதே என் நினைவில் எஞ்சியிருந்தது. பீசா அத்தியாயம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, என் தோழி, என்னைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்து, "சொர்ணூர்க் கதையச் சொல்லிப் போடுங்கம்மா" என்றாள். ஒலவக்கோட்டில் ரயிலேறிய என் தாய், பெரிய சந்திப்பு நிலையம் என்றால் அங்கே வண்டி மாற வேண்டும் என்று நினைத்துச் சொர்ணூரில் இறங்கி, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மோர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். திரும்பி வந்த மறுநாளே அதைத் தோழியிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் அதை வைத்திருந்தாள். அன்றைக்குத் தொலைபேசியின் மறுமுனையிலிருந்த என் மகள், "சின்னம்மா, எங்கம்மா பத்தி எங்கிட்டச் சொல்லாத கதை எத்தன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். எல்லையில் கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது, தோழிக்கு அது வசதியாகப் போயிற்று.

அதே தொகுதியில், லீலா தன் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் ஒரு தகரப்பெட்டியில் போட்டு நம்பி ஒப்படைக்க, எலெனா அவற்றை வாசித்துவிட்டு ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடும் இடம் வருகிறது. இத்தனை ஆண்டு நட்புக்குச் செய்த துரோகமா, தற்காப்பா என்று அந்த அமர்வு முழுவதும் சண்டை நடக்கட்டும். இது தாய் இல்லாமல் பேசக்கூடிய ஒரே பகுதி.

நான்காம் தொகுதியில் எலெனாவின் தாய் நோயில் விழும் பகுதியைப் பாதி வேகத்தில் வாசியுங்கள். யாரிடமிருந்து தப்பிக்க லீலாவின் பின்னால் ஓடினாளோ, அந்தத் தாயிடம் எலெனாவைத் திரும்பக் கொண்டுசேர்ப்பதில் லீலாவுக்கும் பங்கு இருக்கிறது. தாய் தன் கவலைகளை லீலாவிடம் இறக்கிவைக்கிறாள். 1980 நவம்பர் 23ஆம் நாள் தென் இத்தாலியை உலுக்கிய நிலநடுக்கமும் இதற்கு அருகிலேயே வருகிறது. அந்த நேரத்தில் தோழிகள் இருவருமே கருவுற்றிருக்கிறார்கள். பிறக்கும் பெண் குழந்தைக்கு எலெனா தன் தாயின் பெயரையே வைக்கிறாள். கூட்டத்தில் தாயை அண்மையில் இழந்தவர் இருந்தால் இந்தப் பகுதிக்கு முன் தனியாகச் சொல்லிவிடுவது மரியாதை.

ஓட வேண்டிய இடங்களும் உண்டு. எலெனாவும் லீலாவும் மாறி மாறி மயங்கும் நினோ என்ற ஆணைப் பற்றிய பக்கங்கள் எனக்குப் பொறுமையைச் சோதித்தன. சுருக்கிச் சொல்லிவிட்டேன், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் தொகுதியின் அரசியல் விவாதங்களையும் சுருக்கலாம், ஆனால் லீலா வேலை பார்க்கும் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியைச் சுருக்கிவிடாதீர்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் பேருந்து ஏறும் என் தோழியின் மகள், எனக்கு வெறும் சமூக வருணனையாகத் தெரிந்த பத்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். குளிரறைக்குள் போய் வரும் கைகளைப் பற்றி அவளுக்குச் சொல்ல இருந்தது.

கேட்கக் கூடாத கேள்விகள்

'இதில் நீ யார், லீலாவா எலெனாவா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தாமே லீலா என்பார்கள். கூட்டம் அத்தோடு கெட்டுவிடும். குறைந்தது இரண்டாம் தொகுதி முடியும்வரை இந்தக் கேள்விக்குத் தடை போடுங்கள். 'பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்' யார் என்பதையும் முன்கூட்டி விவாதிக்க வேண்டாம்; முதல் தொகுதியின் முடிவை ஒட்டி, திருமண நாளன்று ஒருத்தி மற்றவளைப் பார்த்து அதைச் சொல்லும் இடம் வரும், அதுவரை எல்லோரும் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

'உங்கள் தாய் உங்களை எப்படி நடத்தினார்?' என்ற கேள்வியும் உதவாது. விடை எப்போதும் 'நல்லாத்தான்' என்பதே. பொருளைப் பிடித்துக் கேளுங்கள். உங்கள் முதல் செருப்பை யார் வாங்கித் தந்தார், பள்ளியை நிறுத்திய நாளில் புத்தகப் பை எங்கே போயிற்று, உங்கள் தாயின் நடை உங்களுக்கு வந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு என் தோழியின் மகள் எழுந்து வாசல்வரை நடந்து காட்டினாள். அவள் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு சிரித்தாள்.

இன்னொன்று. தொலைக்காட்சித் தொடராகவும் இது 2018 முதல் வந்திருக்கிறது. அதில் பாத்திரங்கள் நேப்பிள்ஸ் வழக்கிலேயே பேசுகிறார்கள், இத்தாலியிலேயே அதற்கு எழுத்துவரி போட வேண்டியிருந்தது. புத்தகத்துக்கு முன் பார்க்க வேண்டாம். முதல் தொகுதி முடிந்த பின் ஒரே ஒரு பகுதியை ஒலிக்காக மட்டும் போட்டுக் காட்டுங்கள்; மொழி தெரியாவிட்டாலும் வழக்கு மாறும் இடத்தை என் தாய் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். உடனே முதல் தொகுதியை எடுத்து அதன் முன்னுரைப் பகுதியை மறுபடியும் வாசியுங்கள்: வயதான எலெனாவுக்கு லீலாவின் மகன் தொலைபேசியில் அழைத்துத் தன் தாயைக் காணவில்லை என்று சொல்லும் பக்கங்கள். லீலா தன் துணிமணிகளையும், குடும்பப் படங்களிலிருந்து வெட்டியெடுத்த தன் உருவத்தையும்கூட விட்டுவைக்காமல் போயிருக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் எலெனா எழுத உட்காருகிறாள். முதல் முறை வாசித்தபோது அது ஒரு மர்மக் கதையின் தொடக்கம் போல இருந்திருக்கும். இந்த முறை அதை நீங்கள் வாசிக்காமல், இதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த ஒருவரைத் தன் வீட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் திண்ணையில் அதைத் தோழி சொன்னாள். கால்மணி நேரம் ஆகும். தேநீரை முன்பே போட்டு வைத்துவிடுங்கள், நடுவில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.